பரிசீலிப்போம் என்றார்கள்

ஃப்ளெக்ஸ் வாசனை இன்னும் போகவில்லை. சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். பெயின்டும் ரப்பரும் கலந்த நெடி. ஜன்னலைத் திறந்தால் சங்கரன்கோவில் தறிகள் எல்லாம் அறைக்குள் வந்து அடிக்கின்றன. மூடினால் நெடி. இன்று மூடியே வைத்திருக்கிறேன்.

விரித்தால் நீ. ஆளுயரத்துக்கு மேல் நீ. மூலைக்கு ஒரு ரோஜாப்பூ. கீழே நீலப் பட்டையில் உன் பெயர், அதன் பக்கத்தில் 'நினைவுக் கல்வி உதவித்தொகை' என்று மஞ்சள் எழுத்து. உன் பெயரை இந்த மடலில் நான் எழுதப்போவதில்லை. எழுதியவர்கள் எழுதியது போதும்.

படத்தில் உன் இடது தோளில் ஒரு கை இருக்கிறது. மணிக்கட்டோடு வெட்டிய கை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பக்கத்தில் நின்ற ஆளை அழித்துவிட்டார். கையை அழித்தால் உன் தோளும் போய்விடும் என்று விட்டிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு அது யாருடையது என்று தெரியாது.

என் கை.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன். கோபம் வந்தால் எதையும் முதலிலிருந்துதான் சொல்ல வருகிறது.

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் சிலர் சேர்ந்து, தங்கள் கரிசல் நிலத்தில் காற்றாலைகளை நிறுத்தி ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். ஊர் அதைக் கரண்டு சங்கம் என்று கூப்பிட்டது. காற்று அடிக்கும், இறக்கை சுற்றும், மின்வாரியம் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். லாபத்தில் ஒரு பங்கை உறுப்பினர்களின் பிள்ளைகள் படிக்க ஒதுக்கினார்கள். நல்ல காரியம். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. அந்தப் பங்கில் படித்தவள் நான். என் அப்பா உறுப்பினர்.

நிலம் கொடுத்தவர் உறுப்பினர். உங்கள் தெருவில் யாரிடமும் நிலம் இல்லை. உறுப்பினர் என்ற சொல்லுக்குள் நிலம் இருந்தது. நிலம் என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் காற்றாலை உங்கள் தெருவுக்கு மேற்கே நின்றது. பொழுது சாய்ந்தால் இறக்கையின் நிழல் உங்கள் கூரைகளை வரிசையாக வெட்டிக்கொண்டு போகும். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாம் பரீட்சைக்குப் படித்தபோது புத்தகத்தின் மேலும் அது ஓடியது. நீ விரலை வைத்து வரியைப் பிடித்துக்கொண்டாய்.

"நெழலு பாத்தியாட்டி, உறுப்பினர் அட்டையெல்லாம் கேக்காம வந்துட்டுப் போவுது."

நான் சிரித்தேன். இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

உன்னைச் சங்கத்துக்குள் கொண்டுபோனது உன் வாய்தான். சங்கம் ஆண்டுதோறும் இரண்டு பிளஸ் டூ மாணவர்களை இளைஞர் தலைமைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பும். அதற்கு உறுப்பினர் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. முகாமில் பேச்சுப்போட்டி உண்டு. சங்கங்களுக்கு இடையே கோப்பை உண்டு. கோப்பை வாங்கித் தரக்கூடிய பிள்ளை எந்தத் தெருவில் இருந்தாலும் சங்கத்துக்குச் சம்மதம். நீயும் நானும் போனோம்.

மதுரைக்கு வெளியே வேப்பமரங்களுக்கு நடுவில் ஒரு பயிற்சி நிலையம். எல்லோருக்கும் சங்கத்தின் பெயர் அச்சடித்த தொப்பி. விசில் வைத்திருந்த ஒரு பயிற்சியாளர். கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொன்னார். நம்பிக்கையை வளர்க்கும் விளையாட்டாம். நீ எனக்கு முன்னால் போய்க்கொண்டே திரும்பாமல் சொன்னாய்:

"தலைவராவணும்னா மொதல்ல கண்ணக் கட்டிக்கிடணும் போல. அதாம்ட்டி நம்மூர்ல இத்தன தலைவரு."

பின்னால் வந்த பையன்கள் எல்லாம் சிரித்து வரிசை கலைந்தது. அன்று மாலை படிக்கட்டில் குழுப் படம் எடுத்தபோதும் நீ அதைத்தான் மறுபடி முணுமுணுத்தாய். சிரிப்பில் விழாமல் இருக்க உன் தோளைப் பிடித்தேன். அந்தப் படம்தான் இது. ஃப்ளெக்ஸில் தொப்பியை மட்டும் பளிச்சென்று தெரியும்படி செய்திருக்கிறார்கள்.

கடைசி நாளில் பயிற்சியாளர் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். கேள்வி கேட்பவரே தலைவர். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நீ எழுதவில்லை. நீ நம்பினாய்.

கோப்பையும் வாங்கினாய். அது சங்க அலுவலகத்தின் கண்ணாடி அலமாரியில் இன்னும் இருக்கிறது.

நம் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் தலைவர், இப்போது இல்லாதவர், ஏற்படுத்தியது. ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் முகாமுக்குப் போய்வந்த பிள்ளை எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். இளைஞர் கேள்வி. தலைவர் பதில் சொல்வார். கேட்டவர் திருப்தியோடு உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பொருளுக்குப் போக வேண்டும். அந்தக் கிழவர் இதை மனதாரத்தான் ஏற்படுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்குப் பிறகு கேள்வியைச் செயலாளரே தட்டச்சு செய்து கொடுக்கத் தொடங்கினார். பிள்ளை வாசிக்கும். தலைவர் சொல்வார். பிள்ளை உட்காரும். சாப்பாடு.

நமக்குக் கொடுத்த கேள்வி, காற்றாலை மின்சாரம் சுற்றுச்சூழலுக்கு எவ்வாறு நன்மை செய்கிறது என்பது. கேட்க வேண்டியவள் நீ. கோப்பை வாங்கியவள் அல்லவா.

நீ தாளை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாய். சத்தம் உயர்த்தாமல் கேட்டாய்.

"சங்கத்துக்காக நான் முகாமுக்குப் போகலாம். சங்கத்து உதவித்தொகைல நான் படிக்க முடியுமா?"

உனக்குத் திருநெல்வேலியில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மின்பொறியியல். படிப்புக்கான கட்டணத்தை அரசு பார்த்துக்கொள்ளும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும்தான் வழியில்லை. சங்கத்தின் உதவித்தொகை அதற்காகவே இருந்தது. எனக்கு அது அந்த வாரமே வந்துவிட்டது.

தலைவர் மேல்துண்டைச் சரிசெய்தார். சிரித்தார்.

"நல்ல கேள்வி. பரிசீலிப்போம்."

கைதட்டினார்கள். என் அப்பாவும் தட்டினார். நீ நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

உன்மேல் எனக்குள்ள கோபம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நீ ஏன் உட்கார்ந்தாய்?

வெளியே வந்ததும் செயலாளர் உன் அம்மாவைக் கூப்பிட்டு, விதியைத் திருத்த வேண்டும், அடுத்த பேரவையில் வைத்துவிடலாம், பிள்ளையை ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லுங்கள் என்றார். பெரிய இடத்திலிருந்து வந்த வாக்கு. உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். உன் மாமா கோவில்பட்டியில் இருந்தார். எப்படியாவது சேர்த்துவிடுவோம், வட்டிக்கு வாங்கலாம் என்று அவர் வந்தபோது நீதான் தடுத்தாய். எதுக்கு மாமா கடன், அடுத்த வருஷம் சங்கமே தரப்போவுது என்றாய். உன் வீட்டில் எல்லோரையும் நம்பவைத்தாய். பேச்சில் கோப்பை வாங்கியவளிடம் யார் எதிர்த்துப் பேச முடியும்.

ஒரு வருஷம்தானே என்று ராஜபாளையத்துப் பக்கம் பஞ்சாலைக்குப் போனாய். ஆலை வேன் விடிவதற்கு முன்னால் உங்கள் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். நான் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும்போது உன் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். எடுத்துவிட்டால் திட்டுவாய். "இருக்கட்டும்ட்டி. நரச்ச பொறவு எப்பிடி இருப்பேன்னு அம்ம பாத்துக்கிடட்டும்."

அடுத்த பேரவையில் அந்தப் பொருள் இல்லை. நீ ஷிஃப்டில் இருந்தாய். நான் அப்பாவிடம் கேட்டேன். பரிசீலனையில் இருக்கு என்றார். அதற்கடுத்த பேரவையிலும் இல்லை. அப்போதும் பரிசீலனையில் இருந்தது. நீ அப்போதும் கல்லூரியின் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவாய்.

ஐப்பசி மழையில் நீ போன வேன் கவிழ்ந்தது. நான் அதைப் பற்றி எழுத மாட்டேன். நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் சொன்னதை மறக்க முயல்கிறேன்.

போன மாதம் செயலாளர் போன் செய்தார். அதே குரல்.

"பாப்பா, நம்ம சங்கத்துக்கு வெள்ளிவிழா. உன் சேக்காளி பேர்ல ஒரு ஸ்காலர்ஷிப் அறிவிக்கோம். நீ வந்து நாலு வார்த்த பேசணும். கேக்குதவன் கண்ணுல தண்ணி வரணும், பாத்துக்கோ. அப்பிடியே இளைஞர் கேள்வியையும் இந்தத் தடவ நீயே கேட்டுரு."

யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"உறுப்பினர் பிள்ளைகளுக்குத்தான் தாயி. பைலால, சங்கத்து விதியில, அப்பிடித்தான இருக்கு."

உன் தங்கை இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அதே திருநெல்வேலி. அதே கல்லூரி. இடம் கிடைத்துவிட்டது. சேர இன்னும் சில நாள்தான் இருந்தது. அவளுக்கு உண்டா என்று கேட்டேன். எனக்கு அடுத்து வரப்போகும் சொல் தெரிந்துவிட்டது. வந்தது.

"பரிசீலிக்கலாம்."

நீ உயிரோடு இருந்தால் உன் பெயரிலான உதவித்தொகைக்கு உனக்குத் தகுதி இருக்காது. பல்கலைக்கழகத்தில் இம்மாதிரி நிலைமைகளுக்கு நிறையச் சொற்கள் கற்றுத்தந்தார்கள். முரண், அபத்தம். கட்டுரையில் நன்றாக இருக்கும். போனை வைத்தபோது எந்தச் சொல்லும் உதவவில்லை.

உன் வீட்டுக்குப் போனேன். உன் தங்கை என்னிடம், அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகவும் பெரிய அட்டைச் செக்கைத் தன் கையாலேயே ஒரு உறுப்பினர் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சங்கத்தில் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். உன்னைப் போலவே வாய்.

"எங்கக்கா பேர நானே தூக்கிக் குடுக்கணுமாம். நல்லா இருக்குல்லா?"

சங்கத்துக்காரர்கள் அவளிடமும் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். பொறுப்பதா வேண்டாமா என்று உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. ஒரு மகளைப் பொறுக்கச் சொன்ன வீடு அது.

விழாவும் பேரவையும் ஒன்றாக, சங்கரன்கோவிலில், பூச்சந்தைக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில். வாசல் கம்பியில் இந்த ஃப்ளெக்ஸ். உள்ளே வெள்ளை வேட்டிகள், பின்கட்டில் சாம்பார் தாளிக்கும் வாசனை. மேடையில் தலைவர், உன் அம்மா, உன் தங்கை, அந்த அட்டைச் செக். எனக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். பிரித்தேன். காற்றாலை மின்சாரம் சுற்றுச்சூழலுக்கு எவ்வாறு நன்மை செய்கிறது. அதே கேள்வி. இத்தனை வருஷமாகச் சுற்றுச்சூழலுக்கு என்ன நன்மை என்று இவர்களுக்குத் தெரியவே இல்லை.

நான் எழுந்தேன். உன் சொற்களிலேயே கேட்டேன். ஆளை மட்டும் மாற்றினேன்.

"சங்கத்துக்காக அவ முகாமுக்குப் போகலாம். சங்கத்து உதவித்தொகைல அவ தங்கச்சி படிக்க முடியுமா?"

தலைவர் மேல்துண்டைச் சரிசெய்தார். நல்ல கேள்வி என்றார். பரிசீலிப்போம் என்றார். கைதட்டினார்கள்.

நான் உட்காரவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. செயலாளர் அடுத்த பொருளை வாசிக்க வாயெடுத்து, என்னைப் பார்த்து நிறுத்தினார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நின்றேன். முன்வரிசையில் ஒருவர், பதில் சொல்லியாச்சுல்லா என்றார். பதில் வரவில்லை என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் சோறு ஆறுவதைப் பற்றி முறையிட்டது. அப்பா திரும்பினார். உட்காரும்மா என்று வாய் மட்டும் அசைந்தது.

தலைவர் உன் தங்கையிடம் குனிந்தார். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. "நீ சொல்லும்மா. அக்காள உக்காரச் சொல்லு."

அவள் செக்கை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். அவ்வளவுதான்.

பிறகு மண்டபம் பேசியது. வழக்கம் வழக்கம்தான், மொதத் தலைவர் வச்சது, கேட்டவ உக்காரணும் என்று ஒரு முதியவர் சொன்னார். விதியைத் திருத்த முன்கூட்டியே நோட்டீஸ் விட வேண்டும் என்றார் செயலாளர். அப்ப கருத்தாவது கேளும்வே, கையத் தூக்கச் சொல்லும் என்றது சோற்றைப் பற்றிக் கவலைப்பட்ட குரல்.

வேண்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். நான் எதிர்பாராத சில கைகள். பெண்கள் பக்கத்தில் ஒரு கொத்து. வேண்டாம் என்பவர்களும் தூக்கினார்கள். நேராக, கூச்சமில்லாமல். ஆனால் மண்டபத்தில் பெரும்பாலான கைகள் இரண்டுக்கும் எழவில்லை. மடியில் கிடந்தன. கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தன. என் அப்பாவின் கையைத் தேடினேன். மேல்துண்டுக்குள் இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஆதரவு இல்ல. அதனால இல்ல."

ஏதோ உடைந்த மாதிரி இருந்தது. ஆனால் அதைக் கேட்டதும் நிமிர்ந்து நின்றேன். இல்லை. மூன்றே எழுத்துச் சொல், அவ்வளவு லேசாக விழுந்தது. இந்தச் சொல்லை அன்று உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய். வீட்டுக்குப் போய் மாமாவுக்குப் போன் போட்டிருப்பாய். கடன் வாங்கியிருப்பாய், திட்டியிருப்பாய், பஸ் ஏறியிருப்பாய். உன்னைக் கொன்றது இல்லை என்ற சொல் அல்ல. அதைச் சொல்லத் துணியாத மரியாதை. அந்தச் சிரிப்பு. அந்தக் கைதட்டல்.

மேடையில் உன் அம்மா எழுந்தார். மைக்குக்கு வரவில்லை. ஆனாலும் கேட்டது.

"அப்ப எம் பிள்ள பேர எடுத்துருங்க அண்ணாச்சி."

அது ஒரு மரியாதைக்கு வைத்ததும்மா என்றார் தலைவர்.

"மரியாத எங்ககிட்ட இருக்கு. பேரும் எங்களதுதான்."

பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார்.

ஃப்ளெக்ஸை உன் தங்கைதான் கழற்றினாள். கட்டுக்கம்பியை முறுக்கியிருந்தார்கள். விரலுக்கு அடங்கவில்லை. பந்தியிலிருந்து பரிமாறுகிற ஒருவர் குறடு ஒன்றைக் கொண்டுவந்து எதுவும் கேட்காமல் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். செயலாளர் வாசலுக்கு வந்தார்.

"ஆபீசுல கப்பு இருக்கு. அதையும் எடுத்துட்டுப் போறீகளோ?"

உன் தங்கை சுருட்டிக்கொண்டே சொன்னாள். "அதுல சங்கத்துப் பேருல்லா அடிச்சிருக்கு. எங்கக்கா பேரா இருக்கு? நீங்களே வச்சிக்கிடுங்க."

உன் அம்மா இதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்றார். அவ்வளவு பெரிய முகத்தை வீட்டில் வைத்துப் பார்க்கத் தெம்பில்லை என்றார். அதனால் என் அறையில், கதவுக்குப் பின்னால்.

வெற்றி என்று நான் இதைச் சொல்லவில்லை. விதி அப்படியே இருக்கிறது. உதவித்தொகை வேறு ஏதோ பெயரில் யாருக்கோ போகும். அப்பா என்னிடம் பேசுகிறார், ஆனால் தட்டைப் பார்த்துப் பேசுகிறார். காற்றாலை சுற்றுகிறது. உங்கள் கூரைகளை நிழல் வெட்டிக்கொண்டு போகிறது. என் கோபம் குறையவில்லை. குறையக் கூடாது என்று நினைக்கிறேன். மூன்றாண்டுகள் அவர்களுடைய காற்றில் படித்த என்னால், அது உன் தெருவின் மேலும் அடித்த காற்று என்பதை இனி ஒருநாளும் தனியாகப் பிரித்து நினைக்க முடியாது.

ஆனால் உன் தங்கை அன்று மண்டபத்திலிருந்து திரும்பும்போதே சொன்னாள். "இல்லன்னுட்டாவ. இனி யோசிக்க என்னக்கா இருக்கு." மாமா வந்தார். கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். விடுதி இல்லை. தினமும் போய்வருகிறாள். நேற்று விடியலில் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டேன். ஆலை வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

முதல் வரிசை ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு அவள் என்னிடம் கேட்டாள், அந்த ஃப்ளெக்ஸை என்ன செய்யப் போறீங்க என்று. தெரியவில்லை என்றேன்.

"ஒங்க கை மட்டும் தப்பிச்சிருக்குக்கா அதுல. வச்சிக்கிடுங்க."

பேருந்து கிளம்பியது.

அன்று மண்டபத்தில் உன் அம்மா இறங்கிய பிறகு எந்தப் பொருளையும் எடுக்கவில்லை. எல்லோரும் பந்திக்குப் போய்விட்டார்கள். கேட்டவர் உட்காராமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அடுத்த பேரவைக்கு எனக்கு அழைப்பு வராது. போவேன்.

நீ உட்கார்ந்த இடம் எனக்குத் தெரியும். நான் இன்னும் உட்காரவில்லை.